பன்னிரண்டாம் மசோதா

சட்டமன்றத்தின் பார்வையாளர் மாடத்தை ஒட்டி ஒரு கண்ணாடி அறை இருந்தது. அதை அறை என்று சொல்வதே கொஞ்சம் தாராளம்தான். ஒரு நாற்காலி, ஒரு கேமரா, பின்னால் நீலத் துணி, கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. இரண்டாவது ஆள் உள்ளே வந்தால் முதல் ஆள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். சபை கூடியிருக்கும்போது அந்த விளக்கு எரியும். அது எரியும்வரை, உள்ளே நிற்கும் பெண் சபையில் பேசப்படுவதையெல்லாம் கைகளால் காது கேளாதவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். தொலைக்காட்சியில் வலது பக்கக் கீழ் மூலையில், தீப்பெட்டி அளவு கட்டத்துக்குள் அவள் தெரிவாள். அதனால் கட்டடத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் அவள் ‘மூலைப் பொண்ணு’. முப்பத்தாறு வயதாகியும் அந்தப் பெயர் மாறவில்லை.

அவளுடைய நேயர்களில் ஒரு நாள்கூடத் தவறாதவர்கள் இரண்டு பேர், அம்மாவும் அப்பாவும். இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அம்மா சட்டமன்றத்தைப் பார்ப்பதில்லை, மூலையைத்தான் பார்ப்பாள். காரசாரமான விவாதம் முடிந்து மகள் கைப்பேசியை எடுத்துப் பார்த்தால், “காலர் மடங்கியிருக்கு” என்று ஒரு செய்தி இருக்கும். அடுத்தது, “காலைல சாப்பிடல போல. கை சோர்ந்து விழுது.”

அரசியலைப் பார்ப்பவர் அப்பா. சபையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் சைகைப் பெயர் வைத்ததும் அவர்தான். காது கேளாதவர்கள் ஒருவரை எழுத்துக்கூட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆளிடம் கண்ணில் படுகிற ஏதாவது ஒன்றைப் பிடித்து ஒரே அசைவில் பெயராக்கிவிடுவார்கள். சபாநாயகருக்குப் பெயர் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரம் பார்ப்பது. எதிர்க்கட்சியில் முதல் முறையாக வந்திருந்த முன்னாள் பேருந்து நடத்துநர் அம்மாவுக்கு, டிக்கெட் கிழிப்பது. நிதியமைச்சருக்கு, மூக்கைச் சொறிவது. இந்த விஷயம் நிதியமைச்சருக்குத் தெரியாது என்பதில் அப்பாவுக்குத் தனி சந்தோஷம்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, அப்பா குளியலறையில் விழுந்தார். அம்மா அவசர உதவி எண்ணுக்கு அழைத்தாள். திரையில் நொடிகள் ஓட ஆரம்பித்ததைப் பார்த்து, யாரோ எடுத்துவிட்டார்கள் என்று புரிந்துகொண்டாள். தன்னிடம் இருந்த குரலில், தானே ஒருநாளும் கேட்டிராத அந்தக் குரலில் கத்தினாள். மறுமுனையில் இருந்தவருக்கு அது ஏதோ விளையாட்டு அழைப்பாகத் தோன்றியிருக்கிறது. வைத்துவிட்டார். அம்மா மறுபடி அழைத்தாள், மறுபடி வைத்தார்கள். மூன்றாவது முறையும் அப்படியே. மகள் அப்போது கண்ணாடி அறையில் இருந்தாள். சபை நேரத்தில் கைப்பேசியை அணைத்து வைக்க வேண்டும் என்பது விதி. கடைசியில் அம்மா தெருவுக்கு ஓடினாள். மூலையில் இருந்த ரொட்டிக் கடைக்காரர் மாவுக் கையோடு ஓடிவந்து தன் போனில் வண்டியைக் கூப்பிட்டார். அதற்குள் இருபத்திரண்டு நிமிடங்கள் போயிருந்தன.

கடவுள் உயிரைத் திருப்பிக் கொடுத்தார். இடது கை மட்டும் திரும்பி வரவில்லை. வாயால் பேசுகிற ஒருவருக்கு இடது கை போவது ஒரு கஷ்டம். கையால் பேசுகிறவருக்கு அது பாதி நாக்குப் போன மாதிரி. அப்பா இப்போது ஒரு கையால் பேசினார். மனைவிக்கும் மகளுக்கும் புரிந்தது. வெளியாட்கள் இரண்டு முறை கேட்டார்கள்.

நடத்துநர் அம்மா கொண்டுவந்திருந்த மசோதா இதைப் பற்றியதுதான். அவசர உதவி எண்ணுக்குக் குறுஞ்செய்தியும் வீடியோ அழைப்பும் வரவேண்டும், எடுப்பதற்குச் சைகை தெரிந்த ஒருவர் எப்போதும் இருக்கவேண்டும். நான்கே பக்க மசோதா. தொகுதியில் இருந்த காது கேளாதோர் பள்ளிக்கு ஒருமுறை போனபோது பெற்றோர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியது. மூலைப் பொண்ணின் வீட்டுக் கதை அவருக்குத் தெரியாது. அவள் அந்தக் கட்டடத்தில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மொழிபெயர்ப்பவருக்குச் சொந்தக் கதை இருக்கக் கூடாது என்று அவள் நம்பினாள்.

கூட்டத்தொடரின் கடைசி நாள் நிகழ்ச்சி நிரலில் அந்த மசோதா பன்னிரண்டாவதாக இருந்தது. பதினொன்றாவது, ஒரு மீன்பிடித் துறைமுகத்துக்கு யார் பெயரை வைப்பது என்பது. துறைமுகம் இன்னும் கட்டப்படவில்லை. ஆனாலும் மூன்று மணி நேரம் பேசினார்கள். அவளும் மூன்று மணி நேரம் கைகளால் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தாள். அவளோடு முறை மாற்றிக்கொள்ளும் இன்னொரு மொழிபெயர்ப்பாளர் காய்ச்சலில் படுத்திருந்தார்.

மூன்றே முக்காலுக்குச் சபாநாயகர் தன் சைகைப் பெயருக்கு ஏற்றபடி மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். சபை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுவதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார். அவள் அதையும் கையால் சொல்லி முடித்தாள். விளக்கு அணைந்தது.

அடுத்த கூட்டத்தொடர் ஆறு மாதம் கழித்துத்தான். அதில் இந்த மசோதா மறுபடி வரிசையில் முதலிலிருந்து நிற்கவேண்டும்.

கைப்பேசியைப் போட்டாள். அம்மாவின் செய்தி காத்திருந்தது: “நம்ம மசோதா எங்க?”

பதில் எழுதப் போனபோதுதான் கண்ணாடி வழியாகக் கீழே கவனித்தாள். ஆளுங்கட்சி வரிசைகள் காலியாகிக்கொண்டிருந்தன. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பத்தொன்பது பேர் மட்டும் போகவில்லை. சபாநாயகரின் மேசைக்கு முன்னால், கம்பளத்தின் மேல் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். முட்டி வலிக்காரர்கள் மேசைக் காலைப் பிடித்து மெதுவாக இறங்கினார்கள். அரசாங்கக் கேமராக்கள் சபை கலைந்ததும் நின்றுவிடும். பண்ணையில் மாடு வளர்க்கும் ஒரு உறுப்பினர் கேட்டார், “உக்காந்தாச்சு. ஆனா யாருக்குத் தெரியும் நாம உக்காந்திருக்கோம்னு?”

“ஊருக்கே தெரியும். இருங்க,” என்று நடத்துநர் அம்மா கைப்பையிலிருந்து போனை எடுத்தார். சபை நடக்கும்போது போன் கூடாது. இப்போது சபை இல்லை. நேரலைப் பொத்தானை அமுக்கி, போனைத் தூக்கிப் பிடித்தார். “வணக்கம். எல்லாரும் ஏறியாச்சா? உள்ள தள்ளி நில்லுங்க, இடம் இருக்கு. நாங்க இன்னிக்கு இந்த இடத்தை விட்டு எழுந்திருக்கப் போறதில்ல. ஏன்னு சொல்றேன்...”

நன்றாகத்தான் பேசினார். ஆயிரம் பேர் பார்த்தார்கள், பிறகு மூவாயிரம், பிறகு ஏழாயிரம். மாட்டுப் பண்ணைக்காரர் பேசினார். ஒரு வக்கீல் பேசினார். காது கேளாத மக்களை இந்த அரசு கைவிட்டுவிட்டது என்று எல்லோரும் உருக்கமாகச் சொன்னார்கள். இடையில் வேகம் வரும்போது கையை ஆட்டினார்கள்.

கண்ணாடி அறையில் அவளுடைய போன் அதிர்ந்தது. அம்மா அந்த நேரலையின் இணைப்பை அனுப்பியிருந்தாள். “பக்கத்து வீட்டுப் பொண்ணு காட்டினா. வாய் அசையுது. நம்மளப் பத்தியா? அந்த வக்கீல் கையாலே ‘வாத்து, வாத்து’ங்கறாரு. வாத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு அப்பா கேக்கறாரு.”

அவள் இணைப்பைத் திறந்தாள். திரையின் அடியில் கருத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. ‘வாழ்க’, ‘துணை நிற்போம்’ என்பவற்றுக்கு நடுவே வேறு மாதிரி வரிகளும் இருந்தன. ‘நான் தையல்காரர். காது கேட்காது. என்ன பேசறீங்க?’ ‘எழுத்தாவது போடுங்க.’ ‘எங்களைப் பத்தின்னு நெனைக்கிறோம். சரியா?’ ‘நாங்க பன்னிரண்டு பேர் ஒர்க்‌ஷாப்ல பாத்துட்டு இருக்கோம். யாருக்கும் ஒண்ணும் புரியல.’

நடத்துநர் அம்மா மூக்குக்கண்ணாடியை எடுத்துவர மறந்திருந்தார். அவருக்கு அந்த எழுத்துகள் எறும்பு வரிசை மாதிரிதான் தெரிந்தன. நல்ல மனசு படைத்த பத்தொன்பது பேர் ஒன்றாக உட்கார்ந்து, காது கேளாதவர்களுக்காக, அவர்களைத் தவிர ஊரில் எல்லோருக்கும் புரிகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். பாவம், யாருக்கும் தோன்றவில்லை. நமக்கும் பல சமயம் இப்படித்தான். யாருக்காக அழுகிறோமோ அவர்கள் பக்கமே திரும்பிப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

அவளுடைய ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: விளக்கு எரியும்போது மட்டும், கண்ணாடி அறையில் மட்டும். வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். அவள் கொஞ்ச நேரம் அணைந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாடிப்படியில் இறங்கும்போது மனதுக்குள் ஒரு சின்னப் பிரார்த்தனை செய்தாள். அம்மா சொல்லிக்கொடுத்த பிரார்த்தனை அது, அதனால் அதையும் விரல்களால்தான் செய்வாள். மார்புக்கு முன்னால் இரண்டு அசைவுகள்: ‘கூட இரு.’

சபையின் கதவில் காவலர் நின்றிருந்தார். கதவளவு அகலமான மனிதர். விதிப் புத்தகத்தில் இல்லாத எதற்கும் திறக்க மாட்டார் என்பதால் எல்லோரும் அவரை ‘பூட்டு’ என்பார்கள்.

“மேடம், உள்ள போகக் கூடாது.”

“சபை நடக்குதாண்ணா?”

“இல்ல. ஒத்திவச்சாச்சு.”

“சபை இல்லேன்னா இது வெறும் ஹால்தானே?”

பூட்டு யோசித்தார். “வெறும் ஹால்தான். வெறும் ஹாலுக்குள்ள துடைக்கிறவங்கதான் போகலாம். நீங்க துடைக்கிறவங்களா?”

“இல்லண்ணா.” அவளுக்குப் பொய் வரவில்லை. போனை அவர் முன்னால் நீட்டினாள். அவர் கருத்துகளைப் படித்தார். தையல்காரருடையதைப் படித்தார். ஒர்க்‌ஷாப் பன்னிரண்டு பேருடையதை இரண்டு முறை படித்தார்.

“இவங்களுக்கு ஒண்ணுமே புரியலயா?”

“ஒண்ணுமே.”

“அப்போ இவங்க இத்தனை நேரம் யார்கிட்ட பேசறாங்க?” என்று கேட்டுவிட்டு, அவரே பதிலையும் தெரிந்துகொண்ட மாதிரி தலையை ஆட்டினார். வருகைப் பதிவேட்டை எடுத்தார். “யாரும் சும்மா போக முடியாது. காரணம் எழுதணும். என்ன எழுத?”

“மொழிபெயர்க்கன்னு எழுதுங்க.”

எழுதினார். கதவைத் திறந்தார்.

அவளைப் பார்த்ததும் நடத்துநர் அம்மா பேச்சை நிறுத்தினார். “என்னம்மா, ஏதாவது சொல்லணுமா?”

“அக்கா, அவங்களுக்கு நீங்க பேசறது கேக்காது,” என்றாள் அவள்.

நடத்துநர் அம்மா கையிலிருந்த போனைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார். “அடக் கடவுளே! டிக்கெட் வாங்கினவங்களை ஸ்டாப்புலயே விட்டுட்டு வண்டியை எடுத்துட்டேனே!”

“பரவாயில்லக்கா. வண்டி இன்னும் தூரம் போகல.”

அவள் கம்பளத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். நடத்துநர் அம்மா மன்னிப்பைத்தான் முதலில் சொன்னார், அவள் அதைக் கையால் சொன்னாள். உடனே அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. “உன் முகம் மட்டும்தான் தெரியுது. முகம் எங்களுக்குப் பழக்கம்தான். கையைக் காட்டச் சொல்லு.” முகம் நன்றாகத் தெரியட்டும் என்று நடத்துநர் அம்மா போனைக் கிட்டத்தில் பிடித்திருந்தார். இரண்டு அடி பின்னால் போனார். கை வந்தது, வெளிச்சம் போதவில்லை. சபை கலைந்தால் பெரிய விளக்குகள் தாமாக அணைந்துவிடும். நீல உடுப்பின் மேல் அவளுடைய விரல்கள் மங்கலாகக் கரைந்தன.

“லைட் போட முடியாதா?” என்று வக்கீல் கேட்டார்.

“சபை நடந்தாதான் அந்த சுவிட்ச் வேலை செய்யும்,” என்றார் மாட்டுப் பண்ணைக்காரர்.

கதவருகில் நின்ற பூட்டு தொண்டையைச் செருமினார். “துடைக்கிறதுக்குன்னு தனி லைட் இருக்கு. அதைப் போட எனக்கு அதிகாரம் இருக்கு.” அவர் திரைச்சீலைக்குப் பின்னால் போனார். ஒரு சொடுக்கு. தலைக்கு மேலே நான்கு வெள்ளைக் குழல் விளக்குகள் நடுங்கி நடுங்கி எரிந்தன. அழகான வெளிச்சம் இல்லைதான், தூசியைக் காட்டுவதற்கென்று வைத்த வெளிச்சம். அதில் பத்து விரல்களும் தனித்தனியாகத் தெரிந்தன. நல்லது செய்யப் பெரிய மனசு வேண்டும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சில சமயம் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தாலே போதும்.

கருத்துகள் மாறின. ‘தெரியுது!’ ‘தெரியுது, நன்றி.’ ‘ஒர்க்‌ஷாப்ல மிஷினை நிறுத்திட்டோம்.’

ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். இடையில் மாட்டுப் பண்ணைக்காரருக்குச் சந்தேகம் வந்தது. “என்னைச் சொல்லும்போது இந்தப் பொண்ணு ஏன் காதைப் பிடிச்சு இழுக்குது?”

“அது உங்க சைகைப் பெயர் சார். நீங்க பேசறப்போ காதை இழுத்துப்பீங்க.”

“நானா? எப்போ?” என்றார் அவர், காதை இழுத்துக்கொண்டே. பத்தொன்பது பேரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவரும் தன் பெயரைக் கேட்டார்கள். வாத்து வக்கீல் மட்டும் கேட்கத் துணியவில்லை. நிதியமைச்சரின் பெயரைத் தெரிந்துகொண்ட எதிர்க்கட்சி, அன்று முழுவதும் வேறு எதற்கும் அவ்வளவு மகிழ்ச்சி அடையவில்லை.

ஆனால் அவளுடைய தோள் எரிய ஆரம்பித்திருந்தது. இந்த வேலையில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுவார்கள். அவள் காலையிலிருந்து தனி ஆள். ஒரு கட்டத்தில் ‘உயிர்’ என்று தூக்கிய கை பாதியிலேயே இறங்கிவிட்டது. நடத்துநர் அம்மா அதைப் பார்த்துவிட்டார்.

“போதும். யாரும் பேசாதீங்க. அஞ்சு நிமிஷம் இந்தப் பொண்ணு கை ஓயட்டும்,” என்றவர், வக்கீலின் கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டார். “நாமளே எவ்வளவு நேரம் பேசறது? அவங்க என்ன சொல்றாங்கன்னு படிக்கிறேன்.”

படித்தார். தையல்காரருடைய மகனைப் பாம்பு கடித்து, பக்கத்து வீட்டார் ஊரில் இல்லாத நாளில்... அதற்கு மேல் அவர் எழுதவில்லை. ஒரு பள்ளி ஆசிரியை. ஒரு வெல்டர். படிக்கப் படிக்க நடத்துநர் அம்மாவின் குரல் தணிந்துகொண்டே போனது. பிறகு, “இதோ ஒருத்தர் வீடியோவுல வர அனுமதி கேக்கறாங்க. சேத்துக்கவா?” என்று பொத்தானை அமுக்கி, அவளும் பார்க்கட்டும் என்று திரையை அவள் பக்கம் திருப்பினார்.

திரையின் பாதியில் ஒரு சமையலறை வந்தது. கொக்கியில் தொங்கும் பச்சைத் துண்டு, ஓரம் உடைந்த தேநீர்க் கோப்பை. அவள் அன்று காலை கழுவி வைத்துவிட்டு வந்த கோப்பை. ஒரு கை போனைச் சரிசெய்துவிட்டு விலகியது, அது அம்மாவின் கை. நாற்காலியில் அப்பா வந்து உட்கார்ந்தார். சட்டையின் மேல் பித்தான்வரை போட்டிருந்தார்.

அப்பா வலது கையைத் தூக்கினார்.

மொழிபெயர்ப்பாளர் ‘அவர் சொல்கிறார்’ என்று சொல்வதில்லை. பேசுபவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே, ‘நான்’ என்றுதான் சொல்லவேண்டும்.

“வணக்கம்,” என்றாள். “நான்... உங்க முன்னால உக்காந்திருக்கிற இந்தப் பொண்ணோட அப்பா.”

யாரோ மூச்சை இழுத்தார்கள். அவள் நிறுத்தவில்லை.

“எனக்கு ஒரு கைதான் வேலை செய்யுது. அதனால மெதுவாப் பேசுவேன், பொறுத்துக்குங்க. போன மழையில நான் விழுந்தேன். உதவி வர இருபத்திரண்டு நிமிஷம் ஆச்சு. இதை உங்களை அழவைக்கச் சொல்லல. நான் இருக்கேன், டீ குடிக்கிறேன், உங்க சண்டையைத் தினம் டிவியில பாக்கறேன். கடவுளுக்கு நன்றி. ரொட்டிக் கடைக்காரருக்கும் நன்றி.

“எனக்கு வேண்டியது ஒண்ணுதான். என் பொண்டாட்டி அன்னிக்கு எல்லாத்தையும் சரியாத்தான் செஞ்சா. சரியான நம்பருக்குக் கூப்பிட்டா. மூணு தடவை கூப்பிட்டா. ஆனா அவ என்ன நெனைக்கிறான்னா, தன்னோட குரல் நல்லா இருந்திருந்தா என் கை போயிருக்காதுன்னு நெனைக்கிறா. ராத்திரி தூங்க மாட்டேங்கறா. மறுபடி விழுந்துட்டா யாரைக் கூப்பிடறதுன்னு, என் நெஞ்சு மேல கையை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. நான் சொல்லிப் பாத்துட்டேன். எங்க பொண்ணும் சொல்லிப் பாத்துட்டா. நாங்க சொந்தக்காரங்க, ஆறுதலுக்குச் சொல்றோம்னு நெனைக்கிறா. அந்தக் கட்டடத்துல இருக்கிற யாராவது ஒருத்தர் அவகிட்ட சொல்லணும், தப்பு அவ மேல இல்லேன்னு. அவ்வளவுதான்.”

அப்பா கையை மடியில் வைத்துக்கொண்டார். அவளும் வாயை மூடிக்கொண்டாள். நடத்துநர் அம்மா போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“நான் சொல்லலாமா?” என்று ஒரு குரல் கேட்டது.

சபாநாயகரின் தனி அறைக் கதவு திறந்திருந்தது. அவர் கோட்டைக் கழற்றிவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டபடி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றிருந்தார் என்று பூட்டுக்கு மட்டும்தான் தெரியும். “என் மக போன் பண்ணினா,” என்றார் யாரிடமோ விளக்கம் சொல்வது போல. “‘அப்பா, துறைமுகத்தை யாரும் பாக்கல, இதை நாப்பதாயிரம் பேர் பாக்கறாங்க, நீங்களும் கொஞ்சம் பாருங்க’ன்னா.”

கம்பளத்துக்கு வந்து, மெதுவாக, அவரும் உட்கார்ந்தார். “எதைப் பாத்துப் பேசணும்?”

“இந்தக் கறுப்புப் புள்ளியை,” என்றார் நடத்துநர் அம்மா.

“அம்மா,” என்று ஆரம்பித்த சபாநாயகர், அவள் கை எழும்வரை காத்திருந்தார். “தப்பு உங்க மேல இல்ல. நீங்க கூப்பிட்டது சரியான நம்பர். உங்க குரல்லயும் குறை இல்ல. எடுத்ததும் எங்க ஆளு, வெச்சதும் எங்க ஆளு. மூணு தடவை வெச்சுட்டோம்.” கறுப்புப் புள்ளிக்குக் கொஞ்சம் கிட்டே குனிந்தார். “இன்னிக்கு மத்தியானம் நாலாவது தடவை வெச்சது நான். என்னை மன்னிச்சிடுங்க.”

இதே வார்த்தைகளை அவள் அம்மாவிடம் நூறு முறை சொல்லியிருந்தாள். கட்டிலில் உட்கார்ந்து, பாத்திரம் கழுவும்போது, மருத்துவமனை வராந்தாவில். அப்போதெல்லாம் அம்மா அவள் கையைப் பிடித்து மெல்ல நிறுத்திவிடுவாள். இன்று பிடித்து நிறுத்த முடியாத தூரத்தில் அம்மா இருந்தாள். கை அதே கைதான். ‘தப்பு. உங்கள் மேல். இல்லை.’ மூன்று அசைவு. அவள் வாழ்க்கையில் அவ்வளவு நிதானமாக எதையும் சொன்னதில்லை.

திரையில் அப்பா ஓரமாக நகர்ந்தார். அம்மா உள்ளே வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. கைகள் வேறு வேலையில் இருந்தன.

மகள் அம்மாவுக்குக் குரல் கொடுத்தாள். “நன்றி ஐயா. நீங்க பெரியவங்க, இறங்கி வந்து சொன்னீங்க. அது போதும். எல்லாரும் எவ்வளவு நேரமா தரையில உக்காந்திருக்கீங்க, முதுகு வலிக்கும், எழுந்து ஒரு வாய் டீ குடிங்க. அப்புறம்...” இந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளர் திணறினார். ஆனாலும் விதி விதிதான். “அப்புறம், என் பொண்ணுக்குத் தோள் வலிக்குது. எனக்கு இங்கிருந்தே தெரியுது. அவளைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவைங்க.”

சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்தால் மனிதர்கள் ஒரு விசித்திரமான சத்தம் போடுவார்கள். அந்தச் சத்தம் சபைக் குறிப்பேட்டில் எழுதப்படவில்லை.

“ஒத்திவைக்கிற அதிகாரம் எனக்கு இருக்கிற மாதிரி, கூட்டற அதிகாரமும் இருக்கு,” என்றார் சபாநாயகர், மேசையைப் பிடித்து எழுந்துகொண்டே. “திங்கட்கிழமை காலை பத்து மணி. ஒரே ஒரு பொருள்தான். ஓட்டுப் போடறது உங்க எல்லார் இஷ்டம். ஆனா கேக்காம யாரும் எழுந்து போகப் போறதில்ல.”

சனிக்கிழமை நிர்வாக அலுவலகத்திலிருந்து இரண்டு விளக்கக் கடிதங்கள் கேட்கப்பட்டன. ஒன்று அவளிடம், விளக்கு அணைந்த பிறகு ஏன் மொழிபெயர்த்தாள் என்று. அவள் நடந்ததை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். மற்றொன்று பூட்டிடம், துடைக்கும் விளக்குகளை ஏன் போட்டார் என்று. அவர் ‘துடைத்தேன்’ என்று ஒரே வார்த்தை எழுதினார். அது உண்மைதான். எல்லோரும் போன பிறகு, பொய்க்கு இடம் கொடுக்கக் கூடாது என்று, அந்தப் பெரிய மனிதர் எழுபது மேசைகளையும் தன் கையால் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருந்தார். இரண்டு கடிதங்களின் ஓரத்திலும் சபாநாயகர் ‘படித்தேன், நன்றி’ என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்.

திங்கட்கிழமை விவாதம் இரண்டரை மணி நேரம் நடந்தது. செலவு அதிகம் என்றார்கள் சிலர், ஆள் கிடைக்க மாட்டார்கள் என்றார்கள் சிலர். நிதியமைச்சர் மூக்கைச் சொறிந்தபடி எழுந்து, செலவுக்கு வழி இருக்கிறது என்றார். எதிர்க்கட்சி வரிசையில் ஏன் அப்படிக் குனிந்துகொண்டார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. ஓட்டெடுப்பில் மசோதா ஒன்பது ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. அவள் கண்ணாடி அறையில் நின்று எண்களைச் சொல்லி முடித்தாள். காய்ச்சல் தேறி வந்திருந்த தோழி பின்னாலிருந்து அவள் தோளைத் தட்டி, இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இடம் மாறிக்கொண்டாள்.

வெளியே வந்து கைப்பேசியைப் போட்டாள். அம்மாவிடமிருந்து பத்து செய்தியாவது வந்திருக்கும் என்று நினைத்தாள். ஒன்றுகூட இல்லை. பிறகு அப்பாவிடமிருந்து ஒன்று வந்தது. ஒற்றைக் கையால் தட்டியது.

“நீ ஓட்டு எண்ணறப்போ அம்மா நாற்காலியிலயே தூங்கிட்டா. வெள்ளிக்கிழமைலேர்ந்து இப்படித்தான், உக்காந்தா தூங்கறா. குறட்டை விடறாளான்னு எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பொண்ணு விடறாங்கறா. எழுப்ப மனசு வரல. மசோதா விஷயத்தை எழுந்ததும் நான் சொல்லிக்கிறேன். நீ மெதுவா வா.”

அவள் வராந்தாவில் சுவரில் சாய்ந்து நின்றாள். இரண்டு கைகளும் ஓய்வாகத் தொங்கின. கொஞ்ச நேரம் கழித்து அவை மார்புக்கு முன்னால் எழுந்து, எதையும் கேட்காமல், நன்றி என்று மட்டும் சொல்லின.